தள்ளப்பட்டவர்களின் தாள்கள்

கடந்த மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுவாரம், என் தம்பி மகள் 24 பக்க அறிக்கை ஒன்றுடன் எங்கள் வீட்டு முகப்பில் வந்து அமர்ந்தாள். காரைக்குடியில் ஒரு வழிகாட்டல் மையத்தில் இரண்டரை மணி நேரம் கணினி முன் அமர்ந்து அவள் எழுதிய உளவியல் சோதனையின் முடிவு அது. வண்ணப் பட்டைகளுக்கும் வட்டங்களுக்கும் நடுவே, பொறியியலில் அவள் வெற்றி பெறும் வாய்ப்பு 62 விழுக்காடு என்றும் வணிகவியலில் 81 விழுக்காடு என்றும் அச்சிட்டிருந்தார்கள். "பெரியப்பச்சி, இந்த 62 எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியலும் மதிப்பீடும் 27 ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை என் வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்த எண்ணுக்கு ஒரே ஒரு நேர்மையான பொருள்தான் இருக்க முடியும். இவளைப் போன்றே மதிப்பெண் பெற்ற நூறு பேரைப் பொறியியலில் சேர்த்து, நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது 62 பேர் தேறினார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்க வேண்டும். மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். மென்பொருள் அப்படித்தான் தருகிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். தங்களிடம் சோதனை எழுதிய பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற பதிவு அவர்களிடம் இல்லை.

பி.எட். வகுப்பில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு சொற்களை மனப்பாடம் செய்ய வைப்போம். ஒரே மூட்டையைப் பத்து முறை வைத்தாலும் தராசு ஒரே எடையைக் காட்டுமானால் அது நம்பகத்தன்மை. அந்த எடையை வைத்துக்கொண்டு, அரிசி பதமாக வேகுமா என்று சொல்ல முடியுமா என்பது ஏற்புடைமை. விற்பனைக்கு வரும் சோதனைகளின் விளம்பரங்களில் முதலாவதைப் பற்றிப் பெருமை நிறைய இருக்கும். இரண்டாவதைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமே.

இந்தத் துறையின் தொடக்கமே இந்த எச்சரிக்கையோடுதான் இருந்தது. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரெட் பினே முதல் நுண்ணறிவுச் சோதனையை அமைத்தது, பள்ளியில் கூடுதல் உதவி வேண்டிய குழந்தைகளைக் கண்டறிவதற்காகத்தான். யாரையும் வாயிலில் நிறுத்துவதற்காக அல்ல. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு வைத்த சோதனைகளில் பணியாற்றிய கார்ல் பிரிகாம், 1923இல் எழுதிய நூலில் அந்த மதிப்பெண்களைக் கொண்டு இனங்களின் அறிவுத்திறனையே தரவரிசைப்படுத்தினார். அவர் தலைமையில் உருவான எஸ்.ஏ.டி. என்ற சேர்க்கைத் தேர்வு 1926இல் அமெரிக்கக் கல்லூரி வாயிலுக்கு வந்தது. 1930இல் அதே பிரிகாம், தம் பழைய முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அச்சிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்றதைக் காட்டிலும் தேர்வுதான் வேகமாகப் பரவியது.

அதற்காகச் சோதனைகள் எல்லாமே வீண் என்று சொல்ல நான் வரவில்லை. எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் கல்லூரி முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1), பல ஆய்வுகளில் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 வரை அமைகிறது. பள்ளி மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்தால் கணிப்பு இன்னும் சற்று உயரும். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2020இல் இத்தேர்வைக் கைவிட முடிவெடுத்தது, எம்.ஐ.டி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. இரு தரப்பிலும் காரணங்கள் உண்டு. ஆனால் 0.5 என்பதை வர்க்கப்படுத்தினால் 0.25. அதாவது, மாணவர்களுக்கிடையே கல்லூரியில் தோன்றும் ஏற்றத்தாழ்வில் கால் பங்கைத்தான் அந்த எண் விளக்குகிறது. மீதி முக்கால் பங்கு விடுதிச் சாப்பாட்டிலும், வீட்டுக் கடனிலும், வாய்த்த ஆசிரியரிலும், உடன் தங்கும் நண்பனிலும், உழைப்பிலும் கிடக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நாம் காணும் ஒட்டுறவு, சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களிடையே மட்டும் கணக்கிட்டது. விண்ணப்பித்த அனைவரிடமும் 0.5 ஆக இருக்கக்கூடிய ஒட்டுறவு, மேல் பத்து விழுக்காட்டினரை மட்டும் சேர்த்துவிட்டுக் கணக்கிட்டால், அவர்களின் மதிப்பெண்கள் நெருங்கியே இருப்பதால், வழக்கமான வாய்பாட்டின்படி ஏறத்தாழ 0.23 ஆகக் குறைந்துவிடும். எனவே, "பார், தேர்வுக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை" என்று சிறிய எண்ணைக் காட்டிப் பேசுகிறவரும் தவறு செய்கிறார். "நாங்கள் எடுத்தவர்கள் எல்லோரும் நன்றாகப் படிக்கிறார்கள், ஆகவே எங்கள் தேர்வு சரி" என்று பேசுகிறவரும் தவறு செய்கிறார். தள்ளப்பட்டவர்கள் உள்ளே வந்திருந்தால் எப்படிப் படித்திருப்பார்கள் என்பது இருவருக்குமே தெரியாது.

தெரியவந்த அரிதான நிகழ்வு ஒன்று உண்டு. 1979இல் ஹூஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, ஏறத்தாழ 800 பேரை நேர்காணல் செய்து தரவரிசைப்படுத்தி, மேல்நிலையில் இருந்தவர்களிலிருந்து 150 பேரைச் சேர்த்தது. அதன்பின் மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 இடங்களை நிரப்பச் சொன்னது. அதற்குள் நல்ல இடத்தில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட, பட்டியலின் அடிப்பகுதியில் எஞ்சியிருந்தவர்களைத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. படிப்பு முடிந்து, மருத்துவமனையில் முதலாண்டுப் பயிற்சியும் முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் எடுத்தவர்களுக்கும் கடைசியில் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினரையும் பட்டியலில் பிரித்துவைத்தது பெரும்பாலும் நேர்காணல் செய்தவர்களின் மனப்பதிவுதான். எத்தனையோ நேர்காணல் குழுக்களில் அமர்ந்த எனக்கு இந்தச் செய்தி இன்றும் கூச்சம் தருகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் பழைய வழி ஒன்று இருந்தது. என் ஐயா 14 வயதில் ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாக, கப்பலேறியவர். பெட்டியடிப் பையனாக ஏடு எழுதி, வட்டி கணக்கிட்டு, பிறகு மேலாளுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, அதன்பின்னரே மேலாளாகக் கடையை நடத்த முடியும். 'கணக்கு' எனப்பட்ட மூன்றாண்டுப் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பினால், அடுத்த கணக்குக்கு அழைப்பு வருமா என்பதை முந்தைய கணக்கே தீர்மானிக்கும். செய்யப்போகும் வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யவைத்துப் பார்ப்பதைத்தான் இன்றைய உளவியலும் வலுவான கணிப்புமுறைகளுள் ஒன்றாகக் கருதுகிறது. ஆயினும் அதைப் போற்றிப் பேசும்போது நான் சற்று நிதானிப்பதுண்டு. பெட்டியடிக்கே யாரை எடுத்தார்கள்? பங்காளி வீட்டுப் பிள்ளையை, தெரிந்தவர் சொன்ன பிள்ளையை. முதல் கணக்கிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் படம் எந்த வீட்டு வளவுச் சுவரிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984இல் நுழைவுத்தேர்வு வந்ததும், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கியதும் பலருக்கும் நினைவிருக்கும். இன்று பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50 வீதம் என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறோம். எல்லாம் சமமாக வந்துவிட்டால் கடைசியில் ரேண்டம் நம்பர். அதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கோ, இதற்கு மேல் பிரித்துப் பார்க்க எங்களிடம் அளவுகோல் இல்லை என்று ஓர் அரசு அமைப்பு ஒப்புக்கொள்ளும் அந்த இடம் பிடிக்கும்.

தம்பி மகளிடம், பொறியியலில் விருப்பம் இருந்தால் கலந்தாய்வுக்குப் போகலாம் என்றேன். அறிக்கையில் அவளுக்கு உதவக்கூடிய பக்கம் ஒன்றுதான் இருந்தது: முப்பரிமாண உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் பகுதியில் அவள் தடுமாறியிருந்தாள். அது பயிற்சியால் மேம்படக்கூடியது. பொறியியல் வரைபடப் பாடம் வருமுன் பழகிக்கொள்ளலாம். 62ஐ மறந்துவிடு என்று சொன்னேன். மறக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியின் தனியார் கல்லூரி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். விலைக்கு வாங்கிய ஆளுமைச் சோதனை ஒன்றைத் தமிழாக்கி வைத்திருந்தார்கள். "விருந்துகளில் புதியவர்களிடம் நானே சென்று பேசுவேன்" என்ற வரிக்கு, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்து மாணவர் ஒருவர் "ஒருபோதும் இல்லை" என்று குறித்திருந்தார். அதுபோன்ற வரிகள் நான்கைந்து இருந்தன. பழகும் திறனில் மிகக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. நேர்காணலில் அந்த வரியைக் குறித்து நான் கேட்டேன். விடுமுறை நாட்களில் கல்யாண வீடுகளுக்குச் சமையல்காரரோடு போய்ப் பந்தி பரிமாறுவதாகவும், பரிமாறுகிறவன் இலையில் அமர்ந்தவரிடம் தானாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது மாஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்றும் அவர் விளக்கினார். தெளிவாக, கோவையாக, எங்கள் நால்வரின் கண்களையும் பார்த்துப் பேசினார். கூட்டுமதிப்பெண் அட்டவணையில் ஏற்கெனவே எண் ஏறிவிட்டது. நான் ஒரு முறை மறுப்புச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, அந்தச் சோதனை எவ்வளவு சரியாகக் கணித்தது என்று ஆராய விரும்பி அதே கல்லூரிக்குப் போனேன். சேர்ந்தவர்களின் கோப்புகள் ஆண்டுவாரியாக அலமாரியில் இருந்தன. சேராதவர்களின் தாள்களைக் கேட்டபோது, அலுவலக உதவியாளர் சற்று வியப்போடு என்னைப் பார்த்துவிட்டு, "அதையெல்லாம் அந்த வருஷமே எடைக்குப் போட்டாச்சே ஐயா" என்றார்.