லேக் ஸ்டீவன்ஸ் கோகனி நாட்குறிப்பு

மே 18, சனி

விடிந்தும் விடியாததுமாகப் படகை இறக்கிவிட்டோம். சியாட்டிலுக்கு வடக்கே இருக்கும் இந்த ஏரி சுமார் ஆயிரம் ஏக்கர், ஆழமான இடத்தில் 150 அடி. கோகனி என்பது கடலுக்கே போகாமல் ஏரியிலேயே வாழும் சாக்கை சால்மன். தின்பது பெரும்பாலும் டாப்னியா மாதிரியான பொடி நீர்ப்பூச்சிகளை. அவ்வளவு சின்ன இரையை முள்ளில் கோக்க முடியுமா? எரிச்சலூட்டித்தான் கடிக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் டாட்ஜர் என்ற பளபளப்பான தகடு. படகு பின்னால் இழுக்க இழுக்க இடமும் வலமும் ஆடும்.

தண்ணீர் இன்னும் குளிர்ச்சி, மீன் மேலேயே இருந்தது. தூண்டிலை வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோகும் கருவி டவுன்ரிக்கர்; அதன் ஈயக்குண்டை 15 அடிக்குக் கீழே இறக்கவில்லை. படகுக்கு மீன் மிரளும் என்பதால் நூறடி தங்கூஸை (தூண்டில் நரம்பை) பின்னால் விட்ட பிறகே குண்டின் கிளிப்பில் மாட்டினோம். வெயில் ஏறியதும் கடி நின்றுவிட்டது.

ஜூன் 1, சனி

இன்று டாட்ஜருக்கும் முள்ளுக்கும் இடையிலான நரம்பின் நீளத்தைச் சோதித்தோம். ஒரே டாட்ஜர், ஒரே ஆழம், முள்ளின் மேல் ஒரே பிங்க் ஹூச்சி என்ற போலி இரை. மச்சினனுக்கு 9 அங்குலம், எனக்கு 18. அவன் ராட் (தூண்டில் கம்பு) தலையாட்டிக்கொண்டே இருந்தது, என்னுடையது அசையவில்லை. ராட்டை மாற்றிக்கொண்டோம்; மீனும் என் பக்கம் வந்தது.

காரணம் எளிது. ஹூச்சி வெறும் ரப்பர் குஞ்சம், தானாக ஆடாது. டாட்ஜர் கொடுக்கும் உதறல்தான் அதற்கு உயிர். நரம்பு நீண்டால் உதறல் வழியிலேயே செத்துவிடும். டாட்ஜர் நீளத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு போதும். கொஞ்சம் தடித்த, விறைப்பான நரம்பு இன்னும் நல்லது. தானே சுழலும் ஸ்பின்னருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை நீளமாகவே விடலாம்.

முள்ளுக்கு ஒரு மணி வெள்ளை மக்காச்சோளம். டப்பா சோளத்தை டூனா எண்ணெயிலும் பூண்டிலும் ஊறவைத்திருந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆசைப்பட்டு மூன்று நான்கு மணி கோத்தால் பாரத்தில் ஹூச்சி ஆடாது.

ஜூன் 15, சனி

காலையில் எதுவும் கடிக்கவில்லை. "மாமா, ஆரஞ்சு போட்டுப் பாக்கலாமா?" "கலர் இருக்கட்டும்டா, வளைச்சு ஓட்டு."

நேராக ஓட்டாமல் பாம்பு மாதிரி வளைத்து ஓட்டினான். வளைவில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறையும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடும். எது கடி வாங்குகிறதோ அது மீன் கேட்கும் வேகத்தைச் சொல்லிவிடும். இன்று வளைவுக்கு வளைவு வெளிப்பக்க ராடே வளைந்தது. மணிக்கு 1.1 மைலிலிருந்து 1.4க்கு ஏற்றியதும் நேராக ஓட்டும்போதே இரண்டு ராடும் அடித்தன. அதே பழைய பிங்க்தான்! கடையில் நிறத்துக்கு நிறம் ஹூச்சி வாங்கிக் குவிப்பவர்கள் அந்தக் காசில் பெட்ரோல் போடலாம்.

ஜூலை 6, சனி

மேல் தண்ணீர் வெதுவெதுப்பு. கோகனிக்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ், அந்தக் குளிர்ச்சியைத் தேடிக் கீழே போய்விட்டது. சோனாரில் 45 அடியில் கூட்டம் தெரிந்தது. அதற்கு இரண்டு மூன்று அடி மேலே குண்டை நிறுத்தினோம். கோகனி மேலே பார்த்தே வரும், தனக்குக் கீழே போகும் இரையை அவ்வளவாகச் சட்டை செய்யாது. இந்த ஆழத்தில் நூறடி பின்னால் விடத் தேவையில்லை, இருபது முப்பது போதும்.

இதன் வாய் காகிதம் மாதிரி. நன்றாக வளைந்துகொடுக்கும் ராட், தளர்வான டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிடி) இல்லாவிட்டால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். படகருகே வந்ததும் துள்ளிச் சுழலும். மச்சினன் கைவலையை முன்கூட்டியே தண்ணீரில் வைத்திருந்தான். பிடித்த கையோடு செவுளை அறுத்து ரத்தம் வடித்து ஐஸில் போட்டோம். எண்ணெய்ப்பசை உள்ள மீன், தாமதித்தால் சதை குழைந்துவிடும். குழம்புக்கு இது வேண்டாம், உடைந்துபோகும். மிளகும் உப்பும் தடவித் தோல்பக்கம் கல்லில் போட்டால் போதும்.

ஆகஸ்ட் 10, சனி

வந்ததில் ஒரு ஆணுக்குத் தாடை கொக்கியாக வளைய ஆரம்பித்திருந்தது, வெள்ளி நிறம் மங்கி, விலாவில் சிவப்பு. முட்டையிடும் காலம் நெருங்குகிறது. அது முடிந்ததும் இறந்துவிடும். சதையின் நிறமும் வெளுக்கத் தொடங்கிவிட்டதால் அதைத் திரும்ப விட்டோம். வெள்ளியாக இருந்தவை மட்டும் ஐஸ் பெட்டிக்குள். அடுத்த முறை டவுன்ரிக்கரை விட்டுவிட்டு லெட்கோர் நரம்பில் (உள்ளே ஈயம் இருப்பதால் தானே மூழ்கும்) இழுத்துப் பார்க்க வேண்டும். பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும், எத்தனை நிறம் விட்டிருக்கிறோம் என்று எண்ணினால் ஆழம் ஓரளவு பிடிபடும். மச்சினனுக்கு அதில் நம்பிக்கை இல்லை.