கவுண்டரில் சொல்ல வராத சொல்

மார்ச் 3, 2024, ஞாயிறு

இன்று குளிக்கும்போது மறுபடியும் கையில் பட்டது. இடது விதைக்கு மேலே, பைக்குள், மெத்தென்று ஏதோ சுருண்டு கிடக்கிறது. நின்றால் தெரிகிறது, படுத்தால் காணாமல் போகிறது. மில்லில் எடை மேடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் அந்தப் பக்கம் கனக்கிறது. மூன்று மாதமாக இப்படித்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். பிள்ளைக்காக அம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சோடு இதுவும் சேர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

மில்லில் லீவு சொல்லிவிட்டு அரசாங்க கிளினிக் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்று மலாயில் கேட்டார். எனக்குப் பின்னால் எங்கள் பழைய லயத்து அக்கா ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். "சாக்கிட் பெருட்" என்று சொல்லிவிட்டேன். வயிற்று வலியாம்!

டாக்டரும் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தார். அறைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான், அவரும் ஆண். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. 1 வெள்ளி கட்டிவிட்டு கேஸ்டிரிக் மாத்திரையோடு வெளியே வந்தேன்.

திரும்பும் வழியில் செம்பனை ஓரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் இடைநிலைப் பள்ளியில், மலாயில், பரீட்சைக்காக. தமிழில் என் காதில் விழுந்ததெல்லாம் திட்டுதான். ஒரு டாக்டரிடம் சொல்ல என்னிடம் மரியாதையான ஒரு சொல் இல்லை.

மார்ச் 9, சனி

அப்பா காலத்தில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்த ஐயா சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அரை மணி நேரம் மழையைப் பற்றியே பேசினேன். அவரே கேட்டார்: "சரி தம்பி, உடம்புக்கு என்ன?"

சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. "விதைன்னு சொல்லு, விதைப்பைன்னு சொல்லு. அதுல என்னப்பா வெட்கம்? மலாயில கேட்டா 'புவா சாக்கார்'. டாக்டர் தினம் கேட்கிற வார்த்தைதான்."

அப்புறம் அவர் சொன்னதை எல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு விதை மற்றதைவிடக் கீழே தொங்கும், அநேகமாக இடதுதான். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இயல்பு. சூட்டில் பை தளர்ந்து தொங்கும், குளிரில் சுருங்கி மேலேறும். விதை உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் இருக்க வேண்டும், அதற்காகத்தான். விதைக்குப் பின்பக்கம் கயிறு சுருட்டி வைத்த மாதிரி ஒரு மெத்தென்ற குழாய் எல்லோருக்கும் உண்டு. அதைத் தொட்டுப் பார்த்துக் கட்டி என்று அழுதுகொண்டு வந்த பையன்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம். குறியின் தலைப்பகுதியைச் சுற்றி முத்து முத்தாகச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கலாம். அது நோயும் இல்லை, யாருக்கும் ஒட்டாது. சில வாலிபர்கள் அதைக் கிள்ளி, சுட்டுப் புண்ணாக்கிக்கொள்வார்கள் என்று சொன்னபோதுதான் ஐயாவுக்குக் கோபமே வந்தது. விறைக்கும்போது லேசாக வளைவதும், முதலிலிருந்தே அப்படித்தான் என்றால், பயப்பட ஒன்றுமில்லை. நடுவயதில் புதிதாக வளைவு வந்து வலித்தால் காட்ட வேண்டும்.

"வலிக்கலன்னு சும்மா இருந்துடாதே" என்று இரண்டு முறை சொன்னார். விதையிலேயே கல் மாதிரி, வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே போக வேண்டும். இளவயது ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது முக்கியமானது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். சிறு வயதில் விதை இறங்காமல் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

திடீரென்று ஒரு பக்கம் உயிர் போகிற மாதிரி வலித்து, வாந்தி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

"உன்னோடது படுத்தா மறையுதுன்னா ரத்த நரம்பு வீக்கமா இருக்கும். ஆனா நான் சொல்றதை வெச்சு வீட்ல உட்கார்ந்திடாதே" என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

ரமலான் நோன்பின் முதல் நாள், கிளினிக்கில் கூட்டம் குறைவு. கவுண்டரில் "ஆண்கள் பிரச்சினை, டாக்டரிடம் சொல்கிறேன்" என்றேன். அந்தப் பெண் தலையாட்டி எண் கொடுத்தார். அவ்வளவுதான். போன வாரமே இதைச் சொல்லியிருக்கலாம். உள்ளே போனதும் "புவா சாக்கார்" என்று சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். டாக்டர் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்து, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

இரவு மனைவியிடமும் சொன்னேன். "மூணு மாசமா தனியாவா பயந்துகிட்டு இருந்தீங்க?" என்று அழுதாள்.

மார்ச் 26, செவ்வாய்

ஈப்போவில் ஸ்கேன். துண்டு போட்டு மூடி, குளிர்ந்த ஜெல் தடவி, பத்து நிமிடத்தில் முடிந்தது.

வெரிகோசீல். விதையிலிருந்து மேலே போகும் ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்வது. நூறு ஆண்களில் ஏறக்குறைய 15 பேருக்கு உண்டாம். இடது பக்கத்துக் குழாய் சிறுநீரகத்து ரத்தக் குழாயில் போய் நேர்க்கோணமாகச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம் வருமாம். படுத்தாலும் மறையாமல் இருந்தாலோ, வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்தாலோ காரணம் தேட வேண்டும் என்றார் டாக்டர்.

பிள்ளை பற்றிக் கேட்டேன். இது உள்ளவர்களில் பெரும்பாலோர் அப்பா ஆகிறார்கள், ஆனால் பிள்ளைக்குக் காத்திருப்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். விந்துப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு அறுவை தேவையா என்று முடிவு செய்யலாம். அதுவரை இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடை போதும்.

மார்ச் 31, ஞாயிறு

தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டும் அண்ணன் ஒருவரிடம் மில் பக்கத்து ஒட்டுக்கடையில் என் கதையைச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு, வெகுநேரம் கழித்து மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஆறு மாதமாக முன்தோல் பின்னால் போக மாட்டேன் என்கிறதாம், வெடித்து வெடித்து எரிகிறதாம். வயது ஐம்பத்திரண்டு. மருந்துக்கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறார்.

வலிந்து இழுக்காதீர்கள் என்றேன். இந்த வயதில் புதிதாக இப்படி வந்தால் இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் அம்மாவுக்கு அதே நோயில்தான் கால் போனது.

"கவுண்டர்ல என்னடா சொல்றது?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். நாளை காலை ஏழு மணிக்கு என் மோட்டாரில் கூட்டிப் போகிறேன்.