ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை: மரபணு பார்க்காமல் விடாதீர்கள்

பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் அது பெரும்பாலும் டைப் 1 (உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் வகை) அல்ல, ஒற்றை மரபணுக் கோளாறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்று முடிவு கட்டிவிடுவதுதான் பெரிய தவறு.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. சர்க்கரை ஏறும்போது அது மூடினால்தான் இன்சுலின் சுரக்கும். இந்த வாசலை உருவாக்கும் கேசிஎன்ஜே11, ஏபிசிசி8 மரபணுக்களில் பிழை இருந்தால் வாசல் திறந்தே கிடக்கும். கிளிபென்கிளமைடு மாத்திரை அதை மூடிவிடும். 2006-இல் வெளியான ஆய்வில் கேசிஎன்ஜே11 பிழை இருந்த 49 பேரில் 44 பேரால் இன்சுலினையே நிறுத்த முடிந்தது!

இன்சுலினிலிருந்து மாத்திரைக்கு மாற்றுவதை மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் தினம் இருவேளை தொடங்கி, சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். கூடவே இன்சுலின் படிப்படியாகக் குறையும். குழந்தைக்குக் கொடுக்கத் தண்ணீரில் கலக்கும்போது மாத்திரை சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே வாயில் ஊற்றும் சிரிஞ்சில் எடுங்கள், இல்லையென்றால் அளவு தப்பும்.

இன்சுலினையே உருவாக்கும் ஐஎன்எஸ் மரபணுவில் பிழை இருந்தால் அதற்கு இந்த மாத்திரை உதவாது, இன்சுலின்தான். 6க்யூ24 (ஆறாவது குரோமோசோமின் ஒரு பகுதி) கோளாறால் வரும் வகை சில மாதங்களில் தானே மறையும், ஆனால் பருவ வயதில் திரும்ப வரலாம்.

சிறுநீர் பட்ட துணியில் எறும்பு மொய்க்கிறதா, பால் குடித்தும் எடை ஏறவில்லையா, மூச்சு வேகமாக வாங்குகிறதா? உடனே ரத்தச் சர்க்கரை பாருங்கள். இந்த வயதில் எச்பிஏ1சி-யை (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) நம்ப வேண்டாம், கருக்கால ஹீமோகுளோபின் அதைக் குழப்பும். மரபணுப் பரிசோதனையைச் சென்னையிலேயே மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்யலாம்.