சமூகவியல் தேர்வில் நான் சறுக்கிய கேள்வி

வேலை பார்த்துக்கொண்டே சமூகவியல் படித்தபோது, முதல் கட்டுரைக்கு எனக்கு விழுந்தது சி தரம். பள்ளிக்கல்வியில் இன ஏற்றத்தாழ்வைக் கோட்பாடுகள் எப்படி விளக்குகின்றன என்பது கேள்வி. செயற்பாட்டியம் (பள்ளி சமூகத்துக்குத் தேவையான வேலையைச் செய்கிறது என்பது), மோதல் கோட்பாடு (வலுவானவர்களின் நலனைப் பள்ளி காக்கிறது என்பது), முத்திரையிடல் (ஒட்டப்படும் பெயரே பிள்ளையை மாற்றிவிடும் என்பது) என்று ஆளுக்கொரு பத்தி ஒதுக்கி, மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டு வந்திருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் கேட்டிருந்தார்: "இதில் பிள்ளைகள் எங்கே?"

அடுத்த தடவை என் தம்பியை எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கு முடிந்ததும் அவனுக்கு இஎம்3, அதாவது மூன்று பிரிவுகளில் கடைசி. வயது பத்து. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மா அந்தக் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா போட்டிருக்கு?" என்று என்னிடம் நீட்டினார்.

அதே கடிதத்தை ஒவ்வொரு கோட்பாட்டிடமும் நீட்டிப் பாருங்கள். செயற்பாட்டியம் திறமைக்கேற்ற தரம்பிரிப்பு என்னும். 1979இல் சிங்கப்பூர்த் துணைப் பிரதமராக இருந்த கோ கெங் சுவீயின் அறிக்கையும், பாதியில் படிப்பை விடுகிறவர்களைக் குறைக்கத்தான் தரம்பிரிப்பைப் பரிந்துரைத்தது. இந்த வாதத்துக்கு உரிய பலத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுங்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியுவோ கடிதத்தை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பார்ப்பார்: பள்ளி எதிர்பார்க்கும் மொழியும் பழக்கமும் சில வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன, பள்ளி அதையே திறமை என்று மதிப்பிடுகிறது.

பலர் கோட்டைவிடுவது அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ரிஸ்ட்டிடம். 1970இல் வந்த ஆய்வு. பாலர் வகுப்பின் எட்டாம் நாளே ஆசிரியை பிள்ளைகளை மூன்று மேசைகளாகப் பிரித்துவிட்டார். உடை, பேச்சு, குடும்ப நிலைதான் அளவுகோல். இதை இனப்பாகுபாட்டுக்குச் சான்றாக எழுதாதீர்கள். அங்கே ஆசிரியையும் கறுப்பினத்தவர், பிள்ளைகளும் கறுப்பினத்தவர். வேலை செய்தது வர்க்கம். இந்த ஒரு வரியே உங்கள் தாளைத் தனியாகக் காட்டும்.

மானிடவியலாளர் ஒக்பூவின் 'விருப்பமில்லாச் சிறுபான்மையினர்' என்ற கருத்து, அடிமைப்படுத்தப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியைப் போன்ற, தாமாக விரும்பி அந்தச் சமூகத்தில் சேராதவர்களை மனத்தில் வைத்து வந்தது. பிழைப்புக்காகக் கப்பலேறிய நம் தாத்தாக்களுக்கு அப்படியே மாட்டிவிட முடியாது. அதையும் சொல்லிவிடுங்கள்.

இஎம்3 2008இல் போய்விட்டது. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் பழைய பிரிவுகளும் இல்லை. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று நிலைகள், ஜி1தான் எளிதானது. கட்டுரையைப் படித்த தம்பி ஒன்றே ஒன்று கேட்டான்: "இப்ப எல்லாமே ஜி1ல எடுக்கிற பையன அவனோட கூட்டாளிங்க என்னன்னு கூப்பிடறாங்க?"

முத்திரையிடல் பத்தியை அந்தக் கேள்வியிலிருந்து திருப்பி எழுதினேன். பி பிளஸ் வந்தது.