திரும்பும் விமானத்திலிருந்து தொடங்கிய பயணத் திட்டம்

பவளப்பாறைகளுக்கிடையே முக்குளிப்பதற்காக ஒரு விடுமுறை என்று முடிவானதும், தங்குமிடம் தேடுவதற்கு முன்பாகவே, திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை எப்படிக் கழிப்பது என்பதை நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். ஸ்கூபா முக்குளிப்பில் அழுத்தம் மிகுந்த காற்றைச் சுவாசிப்பதால் உடலின் திசுக்களில் நைட்ரஜன் கரைந்து தங்குகிறது. அது மெல்ல வெளியேறுவதற்குள் விமானத்தில் பறந்தால், குறைந்த காற்றழுத்தத்தில் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுவலி முதல் நரம்புப் பாதிப்பு வரை உண்டாக்கக்கூடும். ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாட்கள் மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. நாங்கள் ஒரு முழு நாளை ஒதுக்கினோம். ஆகவே கடற்கரையில் ஓய்வெடுப்பது பயணத்தின் இறுதிக்கும், முக்குளிப்பு தொடக்கத்துக்கும் சென்றன.

அடுத்து, முக்குளிப்புப் பயிற்சியில் சேருமுன் நிரப்ப வேண்டிய மருத்துவப் படிவம். இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம், அது தகும் என்றே இன்றும் நினைக்கிறேன். அதில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதிலளித்தால் மருத்துவரின் ஒப்புதல் கையெழுத்து தேவைப்படும். மனைவிக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. மேலேறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிவடையும் என்பதால், மூச்சுக்குழாய் சுருங்கி அது வெளியேற முடியாமல் போவது உயிருக்கே ஆபத்து. எனவே நுரையீரல் பரிசோதனை முடிந்து மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே பயிற்சிக்கு முன்பணம் கட்டினோம். கரையில் போய் இறங்கிய பின் இந்தப் படிவத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பயிற்சியையே இழக்க நேரிடலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை, வெயில் அடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. மழைக்குப் பின் ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் நீர் கலங்கிவிடும் என்பதால், அந்த மாதத்தில் நீருக்கடியில் எவ்வளவு தூரம் தெரியும், படகுகள் தவறாமல் புறப்படுமா என்று பயிற்சி நிலையத்திடம் நேரடியாகக் கேட்டோம். காப்பீட்டில் முக்குளிப்பு எந்த ஆழம் வரை அடங்குகிறது என்பதையும் படித்துப் பார்த்தோம். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்கான எல்லை பொதுவாக 18 மீட்டர்.

பயிற்சியாளர் எங்களை நேராகப் பவளத்திட்டுக்கு அழைத்துச் செல்லாமல், மணற்பாங்கான அடித்தளத்தின் மேல் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கப் பழக்கினார். பவளம் உயிருள்ளது, துடுப்புக்காலின் ஓர் உதையில் முறியும் கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இந்தப் பழக்கத்தை எவரும் தவிர்க்கக் கூடாது.

மூக்கடைப்போ காற்றோ குறுக்கிட்டால் உதவும் என்று ஒரு நாளைக் கூடுதலாக வைத்திருந்தோம். காற்று பலத்ததால் ஒரு நாள் படகு புறப்படவில்லை; விடுபட்ட முக்குளிப்பை அந்தக் கூடுதல் நாளில் முடித்துக்கொண்டோம், விமானத்துக்கு முந்தைய நாளைத் தொட வேண்டிய தேவை எழவில்லை.