தெப்பக்குளம் வற்றிக் கிடந்தால் அது கனவு

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. மதுரையில் இருந்துகொண்டு ஆறு வருடமாக ஜிகர்தண்டா குடிக்காமல் இருக்கிறேன். விளக்குத்தூண் ஜிகர்தண்டாக் கடைப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். போன சித்திரையில் அக்கா மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, “அப்ப கனவுல குடிங்க மாமா” என்றான். கிண்டல் என்றுதான் நினைத்தேன். அவன் நிஜமாகவே சொல்லியிருந்தான்.

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுவதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். நான் தெளிகனவு என்று சொல்லிக்கொள்கிறேன். நம்பாத என்னிடம் அவன் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னான். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வோர்ஸ்லி என்பவரைக் கருவிகள் மாட்டித் தூங்க வைத்திருக்கிறார். கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். கனவு வரும் தூக்கத்தில் கை கால் கட்டிப்போட்டதுபோல் கிடக்கும், கண்ணை மட்டும் ஆட்ட முடியும். அதே மாதிரி கண் ஆடியது, கருவியிலும் பதிவானது. அப்புறம் அமெரிக்காவில் ஸ்டீபன் லாபர்ஜ் என்பவரும் தனியாக இதையே செய்து காட்டினார். தூங்குகிற ஒருவர் வெளியே சைகை காட்டியிருக்கிறார் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

முதல் வேலை, கனவை எழுதிவைப்பது. ‘எனக்குக் கனவே வராதுடா’ என்றேன். வரும், மறந்துவிடுகிறோம் என்றான். விழித்ததும் புரளாமல், போனைத் தொடாமல், கண்ணை மூடியபடியே என்ன நடந்தது என்று பின்னோக்கி யோசிக்க வேண்டும். முதல் வாரம் வெறும் தாள். இரண்டாவது வாரத்திலிருந்து கடையின் பழைய ஆர்டர் நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது நிரம்பியது. மொத்தம் 23 கனவு எழுதியதும் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒன்பதில் நான் வண்டியூர் தெப்பக்குளத்துக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வயசுக்காரர்களுக்கு இது புரியும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது குளம் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும், அதுதான் எங்கள் மைதானம். இப்போது தண்ணீர் நிற்கிறது. ஆனால் என் கனவுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆக, குளம் வற்றியிருந்தால் அது கனவு. எனக்குக் கிடைத்த அடையாளம் இதுதான். ஆளுக்கு ஆள் இது மாறும்.

அடுத்தது, பகலிலேயே ‘இது கனவா?’ என்று சோதித்துப் பழகுவது. பகலில் பழகினால்தான் கனவிலும் கை தானாகச் செய்யும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்க்கலாம். நிஜ மூக்கு திறந்தே இருப்பதால் கனவில் மூச்சு உள்ளே போய்விடும். கடையில் ஒருநாள் இதைச் செய்தபோது, எதிரில் நின்ற வாடிக்கையாளர் “என்னண்ணே, எதும் நாறுதா?” என்று கேட்டுத் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். அதோடு அதை விட்டேன். எனக்கு ஒத்துவந்தது எழுத்து. ஒன்றைப் படித்துவிட்டுத் திரும்பி மறுபடி படித்தால் கனவில் அநேகமாக எழுத்து மாறியிருக்கும். நான் கம்ப்யூட்டரில் எழுத்து கோக்கும் டிடிபி வேலை பார்ப்பவன், ஊரோ மதுரை. படிக்கப் போஸ்டருக்குப் பஞ்சமா?

பெரியவர்கள் விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிக்குமோ என்னவோ, விடியற்காலையில்தான் கனவு அதிகம். கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும், விடிய விடிய அதன் நீளம் கூடும். அதனால் பதினொரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ‘அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வரும்’ என்று சொல்லிக்கொண்டே மறுபடி படுப்பேன். இதைத் தினமும் செய்து பத்து நாளில் கண் எரிச்சலும் எரிச்சல் பேச்சுமாக வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டேன். பிறகு சனிக்கிழமை இரவு மட்டும்.

ஆறாவது வாரம் நடந்தது. குளத்துக்குள் பேட்டிங். பந்து போய் முட்டிய மதில்சுவரில் ஒரு காதணி விழா போஸ்டர். திரும்பிப் பார்த்தால் அதுவே கண்ணீர் அஞ்சலி. ‘அட, கனவு!’ என்று குதித்தேன். குதித்த வேகத்தில் கட்டிலில் கிடந்தேன். மூன்று விநாடிகூட இருக்காது.

பிறகு கற்றுக்கொண்டது, தெரிந்ததும் கத்தக் கூடாது. உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும், இல்லை எதையாவது தொட வேண்டும். நான் குளத்துப் படிக்கல்லைத் தடவுவேன். வெயில் ஏறிய கல்லின் சூடு கைக்கு வந்துவிட்டால் கனவு கொஞ்ச நேரம் நிற்கும்.

நடுவில் ஒரு விடியலில் விழித்துக்கொண்டு அசைய முடியாமல் கிடந்தேன். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த பாரம். கனவுத் தூக்கத்தின் அந்தக் கட்டு அவிழுமுன் புத்தி முழித்துக்கொண்டால் இப்படி ஆகும், ஒன்றும் செய்யாது, தானாகச் சரியாகிவிடும். மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. “பேய் அமுக்கியிருக்குங்க” என்று பாண்டி கோயில் திருநீறைத் தலையணைக்கடியில் வைத்தாள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

சரி, கனவு நின்றது. ஆனால் நான் சொன்னதை அது கேட்கவில்லை. உண்மையான பாடு இங்கேதான். பறக்கப் பார்த்தேன். கரண்டுக் கம்பி உயரத்துக்குப் போனதும் ‘கம்பி தட்டுமோ’ என்ற நினைப்பு வரும், உடனே நான்கு திசையிலும் கம்பி முளைக்கும், கீழே வருவேன். ‘ஜிகர்தண்டாக் கடையே வா’ என்று கத்தினால் இறக்கிய ஷட்டர் ஒன்று வரும். ஒரு தடவை டம்ளரே வந்தது, அவசரமாகக் கவிழ்த்தேன். வாயில் ஒன்றுமே இல்லை, காற்றைக் குடித்த மாதிரி. இரண்டு மாதம் இப்படியே போனது. விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

நோட்டைத் திருப்பிப் படித்தபோதுதான் பிடிபட்டது. நான் கட்டளையிட்டது எதுவும் நடக்கவில்லை, பயந்ததெல்லாம் நடந்திருக்கிறது. கம்பி முளைத்தது நான் அதை எதிர்பார்த்ததால். கத்திக் கூப்பிடும்போதே உள்ளுக்குள் ‘எங்கே வரப்போகிறது’ என்றுதான் இருந்தது. கனவு அதைக் கேட்டிருக்கிறது. நிஜத்தில் நான் விளக்குத்தூணை ‘வா’ என்றா கூப்பிடுகிறேன்?

அடுத்த முறை குளத்தில் தெளிந்ததும் பறக்கவில்லை. கல்லைத் தடவினேன். படியேறி வெளியே வந்து, காமராசர் சாலையில் கை காட்டி ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “விளக்குத்தூண்” என்றேன். கீழவாசலெல்லாம் வரவில்லை, ஒரு குலுக்கு, கடை வாசல். கூட்டம் நின்றது. நானும் வரிசையில் நின்றேன். கட்டளை போடாமல், எப்போதும் நிற்பதுபோல். டம்ளர் கைக்கு வந்ததும் குடிக்கவில்லை. முதலில் விரலில் சில்லென்று ஏறியது. முகர்ந்தேன், நன்னாரி. ஸ்பூனால் கடல்பாசியைக் கிளறினேன், வழுக்கியது. அதற்குப் பிறகு வாயில் வைத்தேன். ஆடையும் ஐஸ்கிரீமும் நன்னாரியுமாக, ஆறு வருடத்துக்கு முன்னால் குடித்த அதே ருசி. பாதி டம்ளரில் விழித்துவிட்டேன்.

எழுந்ததும் முதல் வேலையாக, கூறுகெட்டத்தனம்தான், குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 126. வழக்கமாக வருவதுதான். “காலங்காத்தால எதுக்குங்க இது?” என்றாள் மனைவி. சொல்லவில்லை.