தண்ணீர்மலைக்கு மனசு வரவில்லை

மலையேறி ஐந்து நாளாகிறது, முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் ராத்திரி, பயத்தில், மலேசியாவில் பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டது நான், ஞாபகம் வைத்திருந்தது சின்னம்மா. தை பிறந்ததுமே போன் வந்துவிட்டது. "காலு நல்லாயிருச்சுல்ல? அப்ப நீ சொன்னதைச் செய்யணும்ல?"

நான் இருப்பது கடலுக்கு இந்தப் பக்கம், பிறை என்ற ஊரில். சின்னம்மா பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், டத்தோ கெராமாட் சாலைக்குப் பக்கத்து அடுக்குமாடியில். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பட்டர்வொர்த்தில் பெரி (தீவுக்குப் போகும் படகு) ஏறினேன். பையில் மஞ்சள் புடவை, பித்தளைக் குடம், வலி மாத்திரை எல்லாம் இருந்தன. விரதமும் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஆனால் பக்தி என்று சொல்கிற அந்த ஈரம் மட்டும் எனக்குள் துளியும் இல்லை. லீவு கேட்டபோது மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையே கடல் நெடுக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரதம் பார்க்கக் கீழே இறங்கினோம். 1894-இல் செட்டியார்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்த வெள்ளி ரதம் ஒன்று. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்து வரும் தங்க ரதம் இன்னொன்று. அது 2017-இல்தான் வந்தது. எந்த ரதம் உசத்தி என்ற பேச்சு எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி. அதை விடுங்கள்.

என் கண்ணில் நின்றது ரதம் இல்லை. சாலையோரம் ஒரு சீனப் பெரியவர் தேங்காய்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான் கடை தவுக்கே, அதாவது முதலாளி, என்று சின்னம்மா சொன்னார். அடுக்குமுன் ஒவ்வொரு காயையும் ஈரத்துணியால் துடைத்தார். கண் பக்கம் ஒட்டியிருந்த நாரை நகத்தால் பிய்த்துத் தனியாகப் போட்டார். இன்னும் அரை மணியில் ரோட்டில் அடித்து நொறுக்கப்போகிற காய்! சின்னம்மாவைப் பார்த்ததும், "அக்கா, பசியாறியாச்சா?" என்று நல்ல தமிழில் கேட்டார். ஒரு வாரமாகச் சைவமாம். மந்திரம் ஏதாவது தெரியுமா என்று நான் மலாயில் கேட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். அவர் சிரித்துவிட்டு அடுத்த காயை எடுத்துத் துடைத்தார். அவருடைய அப்பா அப்படித்தான் செய்வாராம். ரதம் நெருங்கியபோது சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்று விடாமல் அத்தனையும் உடைத்தார். இளநீர் வழிந்து எங்கள் கால்வரை ஓடிவந்தது.

"மனசு சுத்தமா இருந்தா போதும், கோயில் குளமெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலேயே கேட்கிறவர்கள் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனசு சுத்தமாகும்வரை காத்திருந்தால் நான் விளக்குக்கூட ஏற்ற மாட்டேன். பழந்தமிழில் வழிபடுதல் என்றால் பின்பற்றி நடப்பது, சொன்னபடி கேட்பது. அந்தச் சொல்லுக்குள் காலும் காதும் இருக்கின்றன, மனசைக் காணோம். சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி சொல்வார்கள். முதல் படியான சரியை என்ன? கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரத்தோடு புல் செதுக்கிக்கொண்டு போனது அந்த வழியில்தான்.

இடும்பன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காவடி அவனுடையது என்கிறோம். அவன் முருகனைக் கும்பிடவா புறப்பட்டான்? அகத்தியர் சொன்ன வேலை, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தான். பழனியில் இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. மலை மேல் நின்ற பிள்ளையோடு சண்டைக்குப் போய், செத்து, பிழைத்து, அப்புறம்தான் அது யாரென்று தெரிந்தது. சுமந்து முடித்த பிறகே அவனுக்குப் பக்தி வந்தது.

இந்த நியாயமெல்லாம் இப்போது, காலை நீட்டிக்கொண்டு யோசிக்கும்போது வருவது. பூசத்தன்று விடிகாலை எனக்கு எந்த ஞானமும் இல்லை. வழியில் ஒரு கோயிலில் குடத்தில் பால் ஊற்றி, வாயை வாழையிலையால் மூடி, குடத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு சுற்றிச் சின்னம்மா முடிச்சுப் போட்டார். தலையில் வைத்ததும் குளிர்ச்சி உச்சந்தலையில் இறங்கியது. தார்ச்சாலையில் வெறுங்கால். யார் யாரோ பாதத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். முந்தின நாள் உடைத்த தேங்காய் ஓடுகளை இயந்திரம் வைத்து அள்ளியிருந்தாலும் சில்லுகள் மிச்சமிருந்தன, ஒன்று குதிகாலில் ஏறியது. தண்ணீர்ப் பந்தல்தோறும் ஒலிபெருக்கி. ஒன்றில் உறுமி, அடுத்ததில் சினிமா மெட்டு. நானோ வீட்டில் கேஸ் மூடினேனா என்று யோசித்துக்கொண்டு நடந்தேன்.

மலைக்கு 513 படி. மேலே இருக்கும் இப்போதைய கோயிலுக்கு 2012-இல்தான் குடமுழுக்கு நடந்தது. பக்கத்துத் தாவரவியல் பூங்கா அருவியால் வந்த பெயர் தண்ணீர்மலை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே தண்ணீர் முதுகில் ஓடிய வேர்வைதான். நல்ல காலை முதலில் வை, கெட்ட காலைச் சேர்த்து இழு, நில். இருநூறு வரைக்கும் எண்ணினேன், பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது.

"சின்னம்மா, மனசே ஒட்டலை."

"அது எங்க போயிடப் போகுது? பசிச்சா வரும். நீ குடத்தைப் பாரு, சாயுது."

எழுபது வயதில் எனக்கு முன்னால் ஏறுகிறார், மூச்சுகூட வாங்கவில்லை.

மேலே குடத்தை வாங்கி, பாலை எடுத்துக்கொண்டு, வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைகளுக்கு நடுவே வேலின் நுனி தெரிந்தது, கொஞ்சம் மாலை, ஒரு தீபம். பின்னால் கூட்டம் நெருக்கியது, வெளியே வந்துவிட்டேன். என்ன கேட்டேன், ஏதாவது கேட்டேனா, ஒன்றும் நினைவில்லை. கீழே வந்தால் செருப்பைக் காணோம். பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு பெரி ஏறினேன்.

வீடு வந்து படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் பையைத் திறந்தேன். புளித்த பால் நாற்றம் குப்பென்று அடித்தது. குடத்தின் கழுத்துக்கு உள்பக்கம் பால் ஏடாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்தேன், விபூதி போட்டுத் தேய்த்தேன். கயிறு இன்னும் கழுத்திலேயே இருந்தது. சின்னம்மா போட்ட முடிச்சு, நனைந்து இறுகிவிட்டது. ஈரக் கையில் நகம் வழுக்குகிறது. கத்தியை எடுக்கக் கை போனது, ஏனோ வெட்ட மனசில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். நாக்கில் மஞ்சளும் புளியும். முடிச்சு மெல்ல நெகிழ்ந்தது.

"முருகா" என்றேன். மலையில் ஒரு தடவைகூட வாயில் வராத பெயர்.

"யாரைக் கூப்பிட்ட?" முன்னறையிலிருந்து வீட்டுக்காரர்.

"யாரையும் இல்லைங்க, குடம் கழுவுறேன்" என்றேன். குழாயை நிறுத்த மறந்து, தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.